நாற்பது பேருக்கு ஒரே இனிஷியல்!

1

லாரி அறுபது கிலோ கூடுதலாக இருந்தது.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். காலை பத்து மணி. எடை மேடையில் நின்ற லாரியையும் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார் காஜா மொய்தீன். முப்பது வருஷமாகப் பழைய இரும்புக்கு எடை போடுகிறவர். எடை குறைந்து வரும் லாரிகளை ஆயிரம் பார்த்திருக்கிறார். குறைந்தால் திருட்டு... கூடினால்?

"இன்னா டிரைவரு... பில்லுல ஒம்போது டன்னு. இங்க ஒம்போது டன்னு அறுபது கிலோ காட்டுது!"

"டீசல் ரொப்பினேன் பாய்..."

"அறுபது கிலோவுக்கா? லாரி குடிச்சுதா... நீ குடிச்சியா?"

டிரைவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தான். குதித்தான்.

ஓடினான்!

"டேய்... டேய்! லாரிய எவன்டா எடுப்பான்?"

காஜா மொய்தீன் திட்டிக்கொண்டே லாரியின் பின்பக்கம் ஏறினார். துருப்பிடித்த தகரம். உடைந்த பைப்புகள். நசுங்கிய டிரம்கள். யுத்தம் முடிந்து கலைக்கப்பட்ட ஒரு படையின் ஏலச் சரக்கு.

அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு செல்போன் அடித்தது!

ஒரு தகரத்தை நகர்த்தினார். இன்னொன்றை நகர்த்தினார்.

ஒரு கை தெரிந்தது.

"யா அல்லாஹ்!"

இருபது நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் திருமுருகன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது. நேர்மையானவர் என்று டிபார்ட்மென்டில் பெயர். அதனாலேயே பிரமோஷன் வராதவர்.

இறந்தவனுக்கும் ஐம்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு. பின்னந்தலையில் பலமான அடி. சட்டைப் பையில் ஒரு அடையாள அட்டை. 'சாவியோ. கிளார்க். சம்பளப் பட்டுவாடா ஆபீஸ், கடலோர உதவிப் படை.'

மறுபடி போன் அடித்தது. கர்ச்சீப்பால் பிடித்து எடுத்தார் திருமுருகன்.

"சாவியோண்ணே! எங்கண்ணே கீற? பதினோரு தபா அடிச்சிட்டேன், எடுக்க மாட்டேன்ற!" ஒரு பெண் குரல் காதைக் கிழித்தது.

"நீங்க யாரும்மா?"

"நீ யாரு? போன அட்ச்சிகினு வந்துட்டியா?"

"இன்ஸ்பெக்டர் பேசுறேன்."

எதிர்முனை சட்டென்று அடங்கியது.

"...அண்ணனுக்கு இன்னா ஆச்சு சார்?"

"நேர்ல வாங்க, சொல்றேன்."

"நேர்ல வான்னு சொன்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியும் சார்." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருசம் முன்னாடி என் புருசனுக்கும் இப்பிடித்தான் கூப்ட்டாங்கோ. போனா... பொணம் கூட இல்ல!"

2

அவள் பெயர் அடைக்கலமேரி. வயது நாற்பத்து நாலு. காசிமேட்டில் மீன் விற்கிறவள். காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டு, மீன் சுமக்கும் அன்னக்கூடையோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள்.

பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மீன் நாத்தம் சார். அப்பால உன் பெஞ்சு கலீஜாப்பூடும்."

"பரவால்ல, உக்காருங்க. சாவியோவ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொல்லச் சொல்ல திருமுருகன் டைரியில் எழுதிக்கொண்டே வந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாற்பத்தோரு நாள் யுத்தம். கப்பல்களுக்கு டீசலும் தண்ணீரும் கொண்டுபோக ஆள் வேண்டும். அவசரமாகத் தொடங்கப்பட்டது கடலோர உதவிப் படை. காசிமேட்டிலிருந்து நாற்பது போட்டுகளை, ஓட்டுகிற ஆளோடு சேர்த்து எடுத்தார்கள். ஒரு போட்டுக்கு ஒரு ஆள். சம்பளம், வாடகை, ஆபத்துப் படி எல்லாம் சேர்த்து தலைக்குப் பதினைந்து லட்சம். மொத்தம் ஆறு கோடி!

டெல்லியிலிருந்து பணம் வந்தது. பட்டுவாடா அதிகாரி மேஜர் அஜின் கைக்கு வந்தது.

காசிமேட்டுக்கு வரவில்லை.

"முப்பத்தி மூணாவது நாளு என் புருசன் போட்டு திரும்பல சார். குண்டு வுயுந்துச்சோ, டீசலு பத்திகிச்சோ... பேரு ஸ்டானிஸ்லாஸு. போய்க் கேட்டேன். லிஸ்ட்ல அப்பிடி ஒரு பேரே இல்லன்ட்டாங்க."

"மத்தவங்க?"

"திரும்பி வந்த முப்பத்தொம்போது பேரும் போய்க் கேட்டாங்க. அவுங்க பேரும் இல்ல! வேற எவனோ நாப்பது பேரு கையெயுத்துப் போட்டு துட்ட வாங்கிகினு பூட்டானுங்களாம்."

"யார் அந்த நாப்பது பேர்?"

"யாருக்குத் தெரியும்? லிஸ்ட்ட கண்ணுல காட்டினாத்தானே! எங்காளுங்க ஆறு மாசம் நட்ந்தாங்க. ரயிலுக்கும் ஜெராக்சுக்கும் துட்டு தீந்துச்சு. கடலுக்குப் போனாத்தான் சோறுன்னு வுட்டுட்டாங்க. நான் வுடல."

"பதினஞ்சு லட்சமாச்சே..."

அடைக்கலமேரி அவரை முறைத்தாள்.

"துட்டு கெடக்குது சார்! லிஸ்ட்ல பேரு இல்லாதவன் யுத்தத்துக்குப் போவல. போவாதவன் யுத்தத்துல சாவல. பொணம் இல்ல, அதனால சாவு சர்டிபிகேட்டும் இல்ல. 'காணாம போனவன்'னு எய்தி வெச்சிகீறாங்கோ. ஏயு வருசம் கய்ச்சு வான்றாங்கோ! நான் பொண்டாட்டியா, வெதவையான்னு கெவுருமெண்டுக்கே தெரியல."

திருமுருகன் பேனாவைக் கீழே வைத்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெயுகுவத்தி ஏத்துது. நான் கைல வெச்சிகினு எங்க நிக்கறது? செத்தான்னு ஒரே ஒரு பேப்பரு சார். அத்தத்தான் கேக்கறேன்."

இருபத்தைந்து வருஷ சர்வீஸில் எத்தனையோ அழுகையைக் கேட்டவர் திருமுருகன். இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை.

"சாவியோ என்ன சொன்னார்?"

"அண்ணன் நம்ம ராயபுரத்து ஆளு. காண்ட்ராக்ட்ல கிளார்க்கு வேல. மூணு நாளா என்னாண்ட போன்ல பேசிகினு இருந்தாரு. 'மேஜர் சொல்லித்தான் நாப்பது பேர நான் எய்தினேன் மேரி. நெஜ ஆளு பேர எய்தினா நாளைக்கு வந்து இது என் கையெயுத்து இல்லம்பான். உலகத்துலயே இல்லாத ஆளா பாத்து எய்துன்னான். எனக்குத் தூக்கமே இல்ல'ன்னாரு. ராயபுரத்துல டெல்லி ஆபீசரு நடத்தற விசாரண இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட க்ளோஸாம். அங்க வந்து உண்மைய சொல்லிடறேன்னாரு."

"வேற?"

"நேத்து கடைசியா ஒண்ணு சொன்னாரு. 'நான் வராங்காட்டி... நீ துணையப் பாரு மேரி'ன்னாரு."

"துணையைப் பாருன்னா?"

"தொணைக்கு ஆளு கூட்டிகினு போன்னு சொல்றாருன்னு நெனச்சேன். எனக்கு யாரு கீறாங்க? வர்றியா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் மேஜை மேலிருந்த போன் அலறியது. மேலதிகாரி!

"திரு... அந்த லாரி டிரைவர் கோர்ட்டுல சரண்டராயிட்டான். குடிச்சிட்டு சண்டை, இரும்புக் கம்பியால அடிச்சிட்டானாம். கேஸை முடிச்சிடு."

"சார், பத்து மணிக்கு ஓடினவன் சார்! பன்னெண்டு மணிக்கு வக்கீலோட கோர்ட்டுல நிக்கிறான்! நம்ம ஊர் டிராபிக்ல பாரிமுனைக்குப் போகவே ரெண்டு மணி நேரம் ஆகும்..."

"முடிச்சிடுன்னேன்."

போன் வைக்கப்பட்டது. திருமுருகன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்கம்மா. ராயபுரம் போலாம்!"

3

விசாரணை நடந்த இடம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கு. ஒரு நீள மேஜை. நாலு நாற்காலி. மேலே கிரீச்சிடும் மின்விசிறி.

மேஜைக்குப் பின்னால் தணிக்கை அதிகாரி ரேச்சல். பூர்வீகம் இதே ராயபுரம்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது டெல்லி. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

எதிரே கால்மேல் கால் போட்டு மேஜர் அஜின். படை கலைந்ததும் ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை. கையில் இளநீர்.

மணி மூன்றரை.

"ஸோ... சாட்சி சொல்ல வேண்டிய கிளார்க் இறந்துட்டார்." ரேச்சலின் முகம் வாடியிருந்தது. "வேற சாட்சி இல்லேன்னா அஞ்சு மணிக்கு நான் ஃபைலை மூடணும். அதான் ஆர்டர்."

"பாவம், நல்ல மனுஷன். குடிதான்..." மேஜர் உச்சுக் கொட்டினார். "மேடம், என் வேலை சிம்பிள். நாப்பது பேர் வந்தாங்க. நாப்பது கையெழுத்து வாங்கினேன். பணம் குடுத்தேன். யுத்த நேரத்துல ஒவ்வொருத்தனோட ஜாதகத்தையுமா பார்க்க முடியும்?"

"அந்த லிஸ்ட்டை இவங்க பார்க்கணும்" என்றார் திருமுருகன்.

ரேச்சல் ஒரு காகிதத்தை நீட்டினாள். இங்கிலீஷ் காப்பி. டி. அந்தோணியார், டி. முனீஸ்வரன்... டெல்லி இதைத்தான் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"நான் எட்டாங்கிளாஸு பெயிலு மேடம். தமிய்ல இல்லியா?"

"ஒரிஜினல் தமிழ்லதான் இருக்கு. கொஞ்சம் இருங்க."

அலமாரியிலிருந்து அது வந்தது. சாவியோவின் அழகான கையெழுத்தில் நாற்பது பெயர்கள். எதிரே காசிமேடு என்று முகவரி. அதற்கும் எதிரே நாற்பது கையெழுத்து.

அடைக்கலமேரி விரலை வைத்துப் படித்தாள்.

"து. அந்தோணியார்... து. அங்காளம்மா... து. முனீஸ்வரன்... து. சந்தியாகப்பர்... து. கன்னியம்மா..."

விரல் நின்றது.

அவள் சிரித்தாள்! கண்ணில் தண்ணீர் வர வர, வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னம்மா?" திருமுருகன் பதறினார்.

"அய்யோ சாவியோண்ணே! துணையப் பாருன்னியே... இத்தத்தான் சொன்னியா! மேடம், இது ஆளுங்க இல்ல. போட்டு!"

"வாட்?"

"எங்காளுங்க போட்டு மேல பேரு எய்தினா பின்னாடி 'துணை'ன்னு போடுவோம். அந்தோணியார் துணை. அங்காளம்மா துணை. முனீஸ்வரன் துணை. அண்ணன் பின்னாடி கீற துணைய முன்னாடி இஸ்து, இனிஷியல் ஆக்கிட்டாரு!"

ரேச்சல் பட்டியல் பக்கம் குனிந்தாள்.

"இல்லாத ஆளு பேர எய்துன்னு சொன்னாங்கோல்ல? அவரு நெஜமா கடலுக்குப் போன போட்டுங்க பேர எய்தி வெச்சிகீறாரு. வெளியூர்க்காரன் பாத்தா மன்சன் பேரு. காசிமேட்டுக்காரன் எவன் பாத்தாலும் ஒரே செகண்டுல தெரிஞ்சிடும்!"

சபாஷ் சாவியோ! பேசும்போது வராத தைரியம், எழுதும்போது வந்திருக்கிறது.

"நாப்பது பேருக்கும் அப்பா பேர் து-வுல ஆரம்பிக்குது... ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் தோணலையே!" திருமுருகன் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், யுத்தத்துல டீசல் குடுத்த ரிஜிஸ்டர் இருக்கணும். போட்டு பேர் போட்டுத்தான் குடுத்திருப்பாங்க."

ரேச்சல் பரபரப்பாகத் தேடினாள். கிடைத்தது!

"ஒவ்வொண்ணாப் படிங்கம்மா. நான் டிக் பண்றேன்."

அந்தோணியார் துணை, நானூறு லிட்டர். டிக். அங்காளம்மா துணை, முந்நூற்றைம்பது. டிக். மேஜரின் கையில் இளநீர் பாதியில் நின்றது. பத்து... இருபது... இருபத்தாறு...

இருபத்தேழில் அடைக்கலமேரி படிப்பதை நிறுத்தினாள்.

"இது... என் புருசன் போட்டு மேடம்."

"பேரு?"

"ஊரே சாமி பேரு போடும். அந்தாளு எம் பேரப் போட்டான். கேட்டா, 'சாமி எப்பவாச்சும்தான் கூட வருது, நீ டெய்லி வர்ற'ன்னுவான்..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அடைக்கலமேரி துணை. எய்திக்கோ மேடம். டீசலு வாங்கிகீறான் பாரு! முப்பத்தி மூணு நாளும் வாங்கிகீறான். என் புருசன் யுத்தத்துக்குப் போனான் மேடம்!"

ரேச்சலின் கண்ணும் கலங்கியது. டிக் அடித்தாள்.

மேஜர் எழுந்தார். பட்டியலை ஒரு தடவை பார்த்தார். அடைக்கலமேரியை ஒரு தடவை பார்த்தார்.

"எக்ஸ்க்யூஸ் மீ. ஒரு கால் பண்ணிட்டு வரேன்."

4

மணி நாலே முக்கால். நாற்பதும் சரியாக இருந்தது.

"மேஜர் அஜின்!" திரும்பி வந்தவரைப் பார்த்து ரேச்சல் கேட்டாள். "ஆறு கோடியையும் போட்டுங்ககிட்டயா குடுத்தீங்க? போட்டு கையெழுத்து போட்டுச்சா?"

மேஜர் நிதானமாக உட்கார்ந்தார்.

"அதிர்ச்சியா இருக்கு மேடம். என் கிளார்க் என்னை ஏமாத்தியிருக்கான். யார் யாரையோ கூட்டிட்டு வந்து என் முன்னால கையெழுத்து போட வெச்சிருக்கான். சரியா மேற்பார்வை பண்ணலைன்னு எனக்கு வேணும்னா ஒரு வார்னிங் குடுங்க, வாங்கிக்கறேன்."

"வார்னிங்கா?" திருமுருகன் எகிறினார்.

"ஆனா ஒரு சந்தேகம். முப்பத்தொம்போது போட்டு, ஒத்துக்கறேன். இருபத்தேழாம் நம்பர்..." மேஜர் புன்னகைத்தார். "அது எதிர்லயே உக்காந்திருக்கே!"

யாருக்கும் புரியவில்லை. ஒரு விநாடிதான்.

ரேச்சலின் முகம் மாறியது.

"அம்மா... உங்க ஆதார் கார்டு இருக்கா?"

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து அட்டை வந்தது. பள்ளிக்கூட சர்டிபிகேட்டைக் காட்டி, அப்பா இனிஷியலோடு எடுத்த அட்டை. ரேச்சல் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"து... அடைக்கலமேரி. காசிமேடு." நிமிர்ந்தாள். "உங்க அப்பா பேர் என்னம்மா?"

"...தொரராஜு."

"துரைராஜ்! து!" மேஜர் கையைத் தட்டினார். "லிஸ்ட்ல பேர் இருக்கு. இனிஷியல் இருக்கு. முகவரி இருக்கு. கையெழுத்து இருக்கு. ஆளும் இருக்கு. பதினஞ்சு லட்சம் எங்கம்மா?"

"டேய்!" அடைக்கலமேரி பாய்ந்தாள். திருமுருகன் பிடித்துக்கொண்டார். "அது என் கையெயுத்து இல்லடா! போட்டுடா அது!"

"மேடம், கையெழுத்தை நிபுணர்கிட்ட அனுப்புங்க" என்றார் திருமுருகன்.

"அனுப்புவேன். ரிப்போர்ட் வர ஆறு மாசம் ஆகும் சார்." ரேச்சல் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ரூல்படி ஆள் கிடைச்சா வசூல் பண்ணணும். முப்பத்தொம்போது போட்டுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. நாப்பதுல எனக்குக் கிடைச்ச ஒரே ஆள்... இவங்கதான்."

அப்போது திருமுருகனின் செல்போன் அடித்தது.

"திரு... டிரைவர் புதுசா ஒண்ணு சொல்றான். பட்டுவாடா பணத்தைப் பங்கு பிரிக்கிறதுல சாவியோவுக்கும் மேரின்னு ஒரு மீன்காரிக்கும் தகராறாம். அவ சொல்லித்தான் அடிச்சானாம். நீ ஸ்டேஷன்ல வெச்சிட்டுப் போன டைரியைப் பார்த்தேன், நீயே காலைல எழுதியிருக்கியே... மூணு நாளா போன் பேச்சு, இன்னிக்கு மட்டும் பதினோரு கால்னு! வெரி குட் ஒர்க். அவளைத் தூக்கு."

எழுதியது திருமுருகன்தான். ஒரு எழுத்து விடாமல், நேர்மையாக!

"சார், அது பொய் சார்! டிரைவர் ஸ்டேட்மென்ட்டை மேஜர் இப்பத்தான் வெளிய போய்..."

"ப்ரூஃப் இருக்கா?"

இல்லை.

"தூக்கு."

மேஜர் மீதி இளநீரைக் குடித்து முடித்தார். ரேச்சலுக்கு ஒரு வணக்கம். இன்ஸ்பெக்டருக்கு ஒரு தலையசைப்பு. வாசலில் அவருடைய கார் நின்றுகொண்டிருந்தது. ஏறிப் போய்விட்டார்.

அடைக்கலமேரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்... அத்த வுடு. போட்டு போனது மெய்தானே? டீசலு சீட்டு கீதே! அப்போ என் புருசன் யுத்தத்துல செத்தான்னு ஒரு பேப்பரு... அது குட்ப்பியா?"

ரேச்சல் ஃபைலைப் புரட்டினாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ரெகார்டுல ஸ்டானிஸ்லாஸ்னு பேரே இல்லம்மா. ரெகார்டுபடி இருபத்தேழாம் நம்பர்ல யுத்தத்துக்குப் போனது நீங்க." அவள் குரல் கம்மியது. "நீங்க... உயிரோட இருக்கீங்க."

திருமுருகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்துக்குள் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். விட்டால் வேறொருவன் வந்து இவள் கையில் விலங்கு மாட்டுவான். அவர் மாட்டவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மணி ஐந்து. பெண் போலீஸ் இருவர் வந்து நின்றார்கள். சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு பெண்ணைக் கைது செய்யச் சட்டப்படி அது தாராளம்.

"மூடறதுக்கு முன்னால கேக்கணும்..." ரேச்சல் பேனாவை எடுத்தாள். "பதினஞ்சு லட்சம் பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா? சொன்னா ரெகார்டுல எழுதணும்."

அடைக்கலமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு எய்திக்கோ மேடம். எம் பேர போட்டுல எய்தறப்போ, அந்தாளு கைல பெயிண்டுக்கு துட்டு இல்ல. மீனு வித்த காசுல எரநூத்தி அம்பது ரூபா நான்தான் குட்த்தேன். பதினஞ்சு லட்சத்துல அத்தக் கயிச்சுக்கோ... மீதிய கடலுக்கடில போய் போட்டாண்ட கேளு!"